நாயை அனுப்பிய பிறகும் போகாத உண்ணி: ராயபுரம் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராயபுரத்தில், கல்மண்டபத்திலிருந்து காசிமேடு போகும் வழியில் உள்ள ஒரு சந்து. மூன்று வீடுகள் பக்கச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. நடு வீட்டில் நடந்தது இது. மேல்தளம் பழைய மெட்ராஸ் டெரஸ். மரச்சட்டங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்டுக் கட்டியது. கடற்காற்றின் உப்பு ஏறி, சுவர்ப்பூச்சு ஆள் உயரத்துக்குப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்த நிகழ்வில் நாயைவிடச் சுவருக்குப் பங்கு அதிகம். அது எனக்குத் தெரிய நான்கு வாரம் ஆனது.

வீட்டில் நான்கு பேர்: காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் பாட்டி, துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டும் மகன், மருமகள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. நாய் பழுப்பு நிற நாட்டு நாய். பெண், நான்கு வயது, 14 கிலோ. குட்டியாக இருக்கும்போது பாட்டியின் மீன் கூடைக்குப் பின்னாலேயே வந்து, அப்படியே தங்கிவிட்டது. பகலில் சந்தில் சுற்றும். ராத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒரு கோணியின் மேல் படுக்கும்.

நான் அதே வட்டாரத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர்.

பிப்ரவரியில் நாயின் காது மடலுக்குள் நாலைந்து உண்ணிகளை மருமகள் பார்த்திருக்கிறார். பிடுங்கிப் போட்டார், மறுபடி வந்தன. வேப்பெண்ணெய் தடவினார்கள். மகன் யாரோ சொல்லி, மாட்டுக்கு அடிக்கும் மருந்தை அளவில்லாமல் தண்ணீரில் கலந்து குளிப்பாட்ட, அன்று முழுக்க நாய் எச்சில் ஒழுக்கித் தள்ளாடியது. அதன்பின் மருந்து என்றாலே வீட்டில் பயம். மருமகள் பேன்சீப்பை எடுத்துக்கொண்டு தினம் ராத்திரி நாயை வாரத் தொடங்கினார்.

முதல் வருகை: மார்ச் 22

நாயைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் 104.2 டிகிரி. ஈறு வெளுத்திருந்தது, இடது மூக்கில் காய்ந்த ரத்தக் கோடு. உடம்பில் ஒட்டியிருந்த உண்ணிகளை எண்ணினேன்: காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் சேர்த்து 41.

"பேன்சீப்பு போட்டு வாரு வாருன்னு வார்றேன் டாக்டரம்மா, ஒரு ஈர் கூட மாட்டல. அப்புறம் எங்கேர்ந்துதான் குட்டி போடுது இது?" என்று மருமகள் கேட்டார்.

இந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருந்தது. பேன் தலையிலேயே பிறந்து, தலையிலேயே ஈர் வைத்து, தலையிலேயே சாகிறது. உண்ணியையும் நாம் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உண்ணி நாயின் மேல் ஒரு முட்டைகூட வைப்பதில்லை. அன்று இதை நான் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். நாயின் நிலைமையைப் பார்த்த அவசரத்தில் "முட்டை வீட்ல இருக்கும்மா, மருந்து அடிச்சிடுங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 58,000. நாய்க்கு இரண்டு லட்சத்தை ஒட்டியோ மேலேயோ இருக்க வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் எர்லிச்சியா கிருமிக்கான சோதனை பாசிட்டிவ். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிப் பார்த்ததில், உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபேசியா தென்படவில்லை. பபேசியா இல்லை என்பது பிறகு எடுத்த ஒரு முடிவுக்கு முக்கியமாயிற்று.

அன்று செய்தவை: அந்தக் கிருமிக்கு டாக்சிசைக்ளின் 28 நாளைக்கு, சாப்பாட்டோடு. உண்ணிக்கு அபாக்சோலனர் மெல்லும் மாத்திரை, எடைக்கு ஏற்ற அளவில், மாதம் ஒன்று. வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை மாத்திரையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் முதலில் அதைக் கேட்டுக்கொண்டேன். முன்பு நடந்த எச்சில் ஒழுக்கு மாட்டு மருந்தின் வேலை, வலிப்பு அல்ல. மாத்திரை நாயின் ரத்தத்தில் கலந்துவிடும். கடித்து ரத்தம் குடிக்கும் உண்ணி ஓரிரு நாளில் சாகும்.

மறுநாள் மகன் கடையில் வாங்கிய மருந்தைத் தரை முழுக்க அடித்தார். சுவரில் அடிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜாம் பாட்டில்

மாத்திரை கொடுக்கும் முன் பிடுங்கிய உண்ணிகளில் ஒன்றை மட்டும் ஜாம் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைத்தேன். பேத்திக்குக் காட்டலாம் என்ற எண்ணம். இந்த ஆய்வில் எனக்கே பாடம் சொன்னது அந்தப் பாட்டில்தான்.

அது ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. நீலம் கலந்த சாம்பல் நிறம், வழவழப்பு. அச்சு அசல் ஆமணக்கு முத்து. ஆமணக்கின் அறிவியல் பெயரான ரிசினஸ் என்பதற்கு லத்தீனில் உண்ணி என்றே பொருள். அங்கேயும் எவரோ ஒருவர் நாயின் காதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் செடிக்குப் பெயர் வைத்திருப்பார் போல.

அதைப் பிடுங்கும்போது வயிற்றடியில் சின்னதாய், தட்டையாய், பழுப்பாய் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பேத்தி அதைக் "குட்டி" என்றாள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அது ஆண். நாயின் மேல்தான் இரண்டும் சேர்கின்றன. சேர்க்கை நடந்தால்தான் பெண் வயிறு முட்டக் குடித்து இந்த அளவுக்கு உப்பும். அதன்பின் பெண் தானாகக் கழன்று விழுந்துவிடும். ஆண் நாயிலேயே தங்கி அடுத்த பெண்ணைத் தேடும்.

மார்ச் 26 காலையில் முதல் முட்டைகளைப் பார்த்தேன். கசகசாவைவிடப் பொடி, பளபளக்கும் பழுப்பு. வாலுக்குப் பின்னால் வரும் என்று எவரும் நினைப்போம். உண்ணியின் முட்டை அடிவயிற்றில் முன்பக்கமாக, வாய்க்கு அருகில் வருகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் தலையைக் கீழே மடக்கி, தலைக்கும் முதுகு ஓட்டுக்கும் நடுவிலிருந்து ஈரமான ஓர் உறுப்பை நீட்டி, ஒவ்வொரு முட்டையாக வாங்கி, மெழுகு பூசி, முன்னால் தள்ளுகிறது. முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தலைக்கு மேல் குவிகின்றன. அந்த மெழுகுதான் முட்டையைக் காயவிடாமல் காப்பது. மெழுகு பூசப்படாத முட்டை வற்றிப்போகும்.

ஏறக்குறைய இரண்டு வாரம் இதே வேலை. ஏப்ரல் 8 வாக்கில் பெண் உண்ணி சுருங்கி, கறுத்து, காய்ந்த திராட்சை மாதிரி குவியலுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. முட்டையிடுவதற்கு மேல் அதற்கு ஆயுள் கிடையாது. குவியலின் ஒரு சின்னப் பகுதியை எண்ணிப் பெருக்கிப் பார்த்ததில் 2,000-ஐத் தாண்டியது. நாய் உண்ணி ஒன்று ஆயிரத்திலிருந்து நாலாயிரம் வரை இடக்கூடியது என்பதால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் புத்தகத்தில் படித்த எண்ணைக் கண்ணால் பார்ப்பது வேறு.

சித்திரை முதல் நாள்

நாய் இதற்குள் தேறிவிட்டது. நான்காம் நாளே சாப்பிட ஆரம்பித்தது, ஈறு சிவந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லை. நான் திருப்தியாக இருந்தேன். அந்தத் திருப்தி தவறு.

ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. காலையில் சாமி படங்களைத் துடைக்க இறக்கிய மருமகள், படத்துக்குப் பின்னால் கைக்குட்டை அளவுக்குச் சுவர் அசைவதைப் பார்த்தார். புள்ளி புள்ளியாக ஆயிரக்கணக்கில், உத்தரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. நாள் கிழமையில் சாமி படத்தின் பின்னாலேயே இப்படி என்றால் எந்த வீட்டில்தான் மனசு கலங்காது? மறுநாள் மகன் நாயை மீஞ்சூரில் ஒரு உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். எனக்குச் சொல்லவில்லை.

என் பாட்டிலில் குஞ்சு பொரிந்தது 17-ம் தேதி. முதல் முட்டையிலிருந்து 22 நாள். ஆறே கால்களோடு, புழுதி போல. எல்லாம் மேலே ஏறித் துணியின் அடியில் கொத்தாகத் தொங்கின. நான் வெளியே விட்ட மூச்சுக்கு அந்தக் கொத்து முழுக்க ஒரே சமயத்தில் முன்கால்களைத் தூக்கியது. முன்காலில்தான் அதற்கு மோப்பம். மூச்சுக்காற்றும் உடல் சூடும் அதற்குச் சாப்பாட்டு மணி.

அப்போதுதான் உறைத்தது. நாயிடமிருந்து மார்ச்சில் உதிர்ந்த மற்ற பெண் உண்ணிகளும் இதே நாள் கணக்கில்தானே அந்த வீட்டில் எங்கோ பொரிந்திருக்கும்? பாட்டிலை ஸ்பிரிட்டில் கொட்டிவிட்டுப் போன் செய்தேன். பாட்டிதான் எடுத்தார்.

"இன்னா டாக்டரம்மா, நாயத்தான் அனுப்பிட்டோமே, இப்ப எங்களயில்ல கடிக்குது!"

ஏப்ரல் 19: வீட்டில் பார்த்தது

பேத்தியின் காதுக்குப் பின்னால் ஒன்றும், பாட்டியின் இடுப்பில் இரண்டும் எடுத்திருந்தார்கள். நாய் உண்ணிக்கு மனித ரத்தம் முதல் தேர்வு அல்ல. நாய் இல்லாமல் போனாலோ, வெயில் ஏறினாலோ மனிதனிடம் வரும். இங்கே இரண்டும் சேர்ந்துகொண்டன. நாய் உண்ணியால் மனிதருக்கும் ஒரு வகைக் காய்ச்சல் வரலாம் என்பதால், யாருக்காவது காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லும்படி எழுதியே கொடுத்தேன். நல்லவேளையாக யாருக்கும் வரவில்லை.

டார்ச்சோடு ஒரு மணி நேரம் தேடினோம். மாடிப்படிக்குக் கீழே, கோணிக்குப் பக்கத்துச் சுவரில் பூச்சு உதிர்ந்த விளிம்புகளுக்குள் நான்கு முட்டைக் குவியல். கதவுநிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒன்று. மின்சார மீட்டர் பலகையின் பின்னால் ஒன்று. மேல்தளத்தின் செங்கல் இடுக்கில் ஒன்று. மொத்தம் ஏழு, ஒன்றுகூடத் தரையில் இல்லை. நாய் உண்ணி கீழே விழுந்ததும் சுவரைத் தேடி மேலே ஏறும் வழக்கமுள்ளது. மகன் மார்ச்சில் நனைத்தது தரையை மட்டும்.

இன்னும் ஒன்று. பூச்சிமருந்து நடமாடும் உண்ணியின் நரம்பைத் தாக்கும். சுவர் இடுக்குக்குள், மெழுகுப் பூச்சோடு கிடக்கும் முட்டையை அது எட்டுவதே அபூர்வம். ஆகவே ஒருமுறை அடித்துவிட்டு ஓய்வது, அடுத்த தலைமுறைக்கு இடம் காலி செய்து கொடுப்பது மாதிரிதான்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

முதல் முடிவு, நாயைத் திரும்பக் கொண்டுவருவது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். மகன் நேரடியாகவே கேட்டார்: "இருக்கிற தொல்லை போதாதா மேடம்?"

நான் சொன்னது இது. பொரிந்த குஞ்சு ஒருமுறை ரத்தம் குடித்து, விழுந்து, தோலுரித்து எட்டுக் கால் பெறும். மறுபடி ஏறிக் குடித்து, விழுந்து, தோலுரித்து முழு உண்ணி ஆகும். மூன்றாம் முறை ஏறிக் குடித்த பிறகுதான் முட்டை. ஆக ஒவ்வொன்றும் மூன்று முறை நாயைத் தேடி வந்தாக வேண்டும். நாய் இல்லையென்றால் குஞ்சு பல மாதமும், வளர்ந்தது ஒரு வருஷத்துக்கு மேலும் சுவருக்குள் பட்டினி கிடந்து காத்திருக்கும். அதுவரை கிடைப்பது நீங்களும் குழந்தையும். மாத்திரை போட்ட நாய் வீட்டில் இருந்தால் மேலே ஏறுகிற ஒவ்வொன்றும் சாகும். உங்கள் சுவருக்குள் இருப்பதை வெளியே இழுத்துக் கொல்ல நாயைவிட நல்ல வழி என்னிடம் இல்லை.

இதில் நாய்க்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. உண்ணி கடித்தால்தானே சாகும். அதையும் எடைபோட்டேன். எர்லிச்சியா முட்டை வழியாகப் போவதில்லை. இப்போது பொரிந்த குஞ்சுகள் அந்தக் கிருமி இல்லாமலே பிறந்தவை. நோயுள்ள நாயைக் கடித்த பிறகே அதைச் சுமக்கும். பபேசியா அப்படியல்ல, முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். இந்த நாயிடம் பபேசியா தென்பட்டிருந்தால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். மார்ச்சுக்கு முந்தைய குஞ்சுகள் வளர்ந்து சுவரில் இருக்கலாம், அவற்றால் மறுதொற்று வரலாம் என்பது மட்டும் மிச்ச ஆபத்து. அதற்காக மாதம் ஒருமுறை ரத்தம் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 21 அன்று நாய் வந்தது. சந்து முனையிலிருந்தே பேத்தி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டாவது மாத்திரை அன்றே.

அடுத்தது சுவர். குவியல்களைச் செல்லோடேப்பால் ஒற்றியெடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டோம். துடைப்பத்தால் தட்டினால் சிதறும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, சிமென்ட் கலவையால் இடுக்குகளை அடைத்தார்கள். மகனின் நண்பர் கொத்தனார். இரண்டு நாள் வேலை. கோணியை எரித்துவிட்டு, வாரம் ஒருமுறை கொதிநீரில் போடக்கூடிய பழைய புடவையை விரித்தார்கள்.

மருந்து: டெல்டாமெத்ரின், முறையான அளவில், பூச்சி மருந்து அடிக்கும் ஆளை வைத்து. தரையிலிருந்து உத்தரம் வரை, நிலைக்கதவு, மீட்டர் பலகை எல்லாவற்றிலும். மூன்று முறை: ஏப்ரல் 24, மே 12, ஜூன் 1. இடைவெளி சுமார் மூன்று வாரம், பாட்டில் காட்டிய பொரிப்புக் கணக்குப்படி. பக்கத்து வீட்டில் ஒரு பூனை உண்டு. இந்த வகை மருந்து ஈரமாக இருக்கும்போது பூனைக்கு விஷம் என்பதால் சுவர் காயும்வரை அதை உள்ளே அடைத்துவைக்கச் சொன்னோம்.

நாட்களை மறக்காமலிருக்க, வீட்டுத் தினசரி காலண்டரின் தாள்களிலேயே "மருந்து", "மாத்திரை", "ரத்தம்" என்று பேனாவால் எழுதிவைத்தேன். தேதியைக் கிழிக்கிறவர் பாட்டி. அவர் கண்ணில் படாமல் போகாது.

பிறகு நடந்தது

சனிக்கிழமைதோறும் மருமகள் அதே மூன்று இடங்களில் டேப் ஒற்றி நோட்டில் ஒட்டிவைத்தார். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை. ஏப்ரல் 26-ல் 63 உண்ணி. மே 3-ல் 22. மே முழுக்க இறங்கி, ஜூன் 7-ல் 3. நாயின் காதில் காலையில் பொடிப்பொடியாகத் தெரிபவை மறுநாள் காய்ந்து கோணலாக ஒட்டியிருக்கும், தட்டினால் உதிரும். தட்டணுக்கள் ஏப்ரல் 26-ல் 2,10,000. அதன்பின் குறையவில்லை.

ஜூன் 21-ல் 11. எல்லாம் வளர்ந்தவை.

மருந்து கெட்டுவிட்டது என்றார் மகன். நோட்டைப் புரட்டியபோது பதினொன்றும் ஒரே இடத்தில், பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட சுவரில் ஒட்டியெடுக்கப்பட்டிருந்தது. சுவரின் மறுபக்கம் அந்த வீட்டின் திண்ணை. அதில் தினம் மத்தியானம் இரண்டு தெருநாய்கள் தூங்கும். அவற்றின் காதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முதலில் கோபம்தான், தங்கள் வீட்டைக் குறை சொல்கிறோம் என்று. பாட்டி ஒரு கிலோ நெத்திலியோடு போய் உட்கார்ந்து பேசினார். மூன்று வீடும் பணம் போட்டு அந்த இரண்டு நாய்களுக்கும் பிஸ்கட்டில் வைத்து மாத்திரை கொடுத்தோம், திண்ணைச் சுவரையும் பூசினோம். ஆகஸ்ட் 9-லிருந்து நோட்டில் பூஜ்யம். மழைக்காலம் முடியும்வரை ஒற்றிப் பார்த்தோம், பூஜ்யமே.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

உண்ணியோடு ஒரு நாய் வந்தால், மருந்து எழுதும் முன் அது ராத்திரி எங்கே படுக்கிறது என்று கேட்கிறேன். இந்த வீட்டில் அதைக் கேட்டிருந்தால் மார்ச்சிலேயே படிக்கட்டுச் சுவரைப் பார்த்திருப்பேன். அந்த ஏழு குவியலும் பொரிந்திருக்காது.

பொரிப்பு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லாதது என் பெரிய தவறு. "மூன்று நாலு வாரத்தில் சுவரில் பொடி உண்ணி தெரியலாம், பயப்படாதீர்கள், நாயை அனுப்பாதீர்கள்" என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதைச் சொல்லாததால் ஒரு குழந்தை கடிபட்டாள், நோயிலிருந்து அப்போதுதான் எழுந்த நாய் ஆறு நாள் தெரியாத இடத்தில் கிடந்தது. அது மாத்திரைக் காலத்துக்குள் போனதால் மீஞ்சூர் வீடாவது தப்பியது.

சுவர் பங்கு போட்ட வீடுகளில் ஒரு வீட்டுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டாரிடம் முதல் வாரமே பேசியிருந்தால் ஜூன் 21 வந்திருக்காது.

உண்ணியை நசுக்கினால் முட்டை சிதறிப் பெருகும் என்ற பயத்தில் மருமகள் பிப்ரவரி முழுக்க உயிரோடு வாசலில் எறிந்திருக்கிறார். நாயிடமிருந்து பிடுங்கிய குண்டு உண்ணிக்குள் இருப்பது ரத்தம். முட்டை அதன் பிறகுதான் விளைகிறது. கையால் நசுக்கக் கூடாது என்பது கிருமிக்காக. சோப்புத் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் போட்டால் போதும். எறிந்தவை ஒவ்வொன்றும் வாசல் நிலையில் ஏறியிருக்கும்.

ஜனவரியில் தடுப்பூசிக்கு நாயோடு பாட்டி வந்தார். புதுக் காலண்டரைக் கையோடு எடுத்து வந்திருந்தார், வருஷம் முழுக்க மாத்திரைத் தேதியை எழுதித் தரச் சொல்லி.